உரிமைக்காகக் குழு நடத்தும் கடலோர இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இராமநாதபுரம் கடலோரத்தின் அநேக ஊர்களில் இளைஞர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றாவது இருக்கிறது. கடலுக்குப் போனவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டாலும், பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் கல்யாணம் பேசினாலும், முதல் செய்தி பெரும்பாலும் அங்கேதான் வந்து விழுகிறது. சென்னையில் சட்டம் படிக்கும் மாணவி வாலிநோக்கத்துத் தம்பிக்குத் தகவல் உரிமை மனு எழுதித் தருவதும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவர் அங்குள்ள நீதிமன்றத்தின் அடுத்த வாய்தாத் தேதியைக் கேட்டுச் சொல்வதும் இத்தகைய குழுக்களால்தான் எளிதாகியிருக்கின்றன. ஆனால் செய்தி பரவிவிட்டாலே வேலை முடிந்தது என்ற எண்ணம் இக்குழுக்களில் ஆழமாக இருக்கிறது; அவை செய்யும் தவறுகளில் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

தேதியில்லாத குரல் பதிவை எடுத்துக்கொள்வோம். "நம்ம போட்ட பிடிச்சிட்டாங்களாம், எல்லாருக்கும் அனுப்புங்க" என்று பதற்றத்தோடு ஒருவர் பேசுகிறார். எந்த நாள், எந்தப் படகு, எந்தக் கரையிலிருந்து போனது என்ற விவரம் ஒன்றும் இல்லை. அதே பதிவு சில மாதங்கள் கழித்து வேறு குழுவில் புதுச் செய்தியாக வந்து நிற்கும்போது, அன்றிரவு கடலில் இருப்பவர்களின் வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது. குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போட்டே காட்டுகிறது என்றாலும், அதைக் கவனிப்பவர் குறைவு. செய்தியைப் போடுபவர் நாள், நேரம், படகின் பதிவு எண், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிய இறங்குதளம், ஆட்களின் எண்ணிக்கை, சொன்னவர் நேரில் பார்த்தவரா கேள்விப்பட்டவரா என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று குழுவில் விதி வைத்துவிட்டால், பாதிக் குழப்பம் தீரும். மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் எழுதுவதற்குத் தேவைப்படுவதும் இதே விவரங்கள்தாம்.

ஆதாரத்தைப் பகிர்ந்து பகிர்ந்தே கெடுத்துவிடுவது அடுத்த தவறு. அடிபட்ட காயத்தின் படத்தையோ அறுக்கப்பட்ட வலையின் படத்தையோ வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பினால், அது சுருக்கப்படுவதோடு, எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று அதனுள் பதிந்திருக்கும் தகவலும் நீங்கிவிடுகிறது. அசல் கோப்பு எடுத்தவரின் போனிலேயே அழியாமல் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது படமாக அல்லாமல் ஆவணமாக (டாக்குமென்ட்) அனுப்ப வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. யார் எடுத்தது என்றே தெரியாத காணொளிக்கு எவர் சான்று தருவார்? அதன்மேல் சோக இசையும் சிவப்பு அம்பும் சேர்ப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சேர்க்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பெயரைப் போடாமல் விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில நூறு வீடுகளே உள்ள கடலோர ஊரில், பள்ளிச் சீருடையின் நிறம், தெருவில் இருக்கும் கோவில், தகப்பனுக்கு நாட்டுப்படகா விசைப்படகா என்ற ஒரு குறிப்பு, இவற்றில் ஏதேனும் ஒன்றே அந்தப் பெண் யார் என்று சொல்லிவிடும். குழந்தைத் திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் குழுவில் ஒரு வரியும் எழுதாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுவதே சரி. ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றால், கல்யாணத் தேதியை முன்னுக்குத் தள்ளியோ வேறு ஊருக்கு மாற்றியோ முடித்துவிடுவார்கள்.

உரிமைக்கு உரியவரைக் கேட்காமல் அவர் சார்பில் பேசுவதும் இதோடு சேர்ந்ததே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பரப்பும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி மாட்டி முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே தீவுகளை ஒட்டிய இடங்கள் பற்றி நெடுநாளாகவே உரசல் உண்டு. அப்படி ஒரு வாக்குவாதத்தைப் படம்பிடித்து இணையத்தில் போடும் இளைஞர் மறுநாள் கல்லூரிக்குப் போய்விடுவார். அந்தப் பெண்களோ அதே அலுவலர்களின் கண்முன்னே மறுபடியும் கடலில் இறங்கியாக வேண்டும். அவர்கள் கேட்பது அலுவலர் மீது நடவடிக்கையா, அடையாள அட்டையா, பறித்த பாசியைத் திருப்பித் தருவதா என்பதை அவர்கள் வாயால் கேட்டறிந்த பிறகே எதையும் எழுத வேண்டும். முகம் தெரியலாமா என்பதும் அவர்கள் முடிவுதான்.

கைதுச் செய்திகளின் கீழ் வரும் வசைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியா-இலங்கைக் கடல் எல்லையை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களையும் கச்சத்தீவையும் பற்றிய வாதம் அரை மணி நேரத்தில் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களைத் திட்டுவதில் போய் முடிகிறது. அவர்களும் தமிழ் மீனவர்கள். நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியால் தங்கள் வலைகள் அறுபடுகின்றன என்பது அவர்களின் உரிமைக் குரல். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. எல்லையைத் தாண்டினாரா என்பது ஒரு கேள்வி. தாண்டியவரை அடிக்கலாமா, குடும்பத்துக்குத் தகவல் சொல்லாமல் வைக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியைத் தனியே நிறுத்திக் கேட்கும் குழுவுக்கு அக்கரையிலிருந்தே உதவி கிடைக்கும். இரண்டையும் குழப்பினால், வாய்தாத் தேதி கேட்டுச் சொல்லும் நண்பரும் குழுவைவிட்டு விலகிவிடுவார்.

சட்டம் வைத்திருக்கும் காலக்கெடுவைத் தவறவிடுவதும் அடிக்கடி நடப்பதே. நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மாநில மனித உரிமை ஆணையம் அதை விசாரிக்க முடியாது. அங்கே நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் எடுத்துக்கொள்ளாது. ஆகவே ஒரே புகாரை எல்லா முகவரிக்கும் ஒரே நாளில் அனுப்புவது வீரமாகத் தெரியலாம், பயன் தராது. 10 ரூபாய்க் கட்டணத்தில் போடும் தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரத்தில். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கும் மனுவுக்கு ரசீது வாங்கிப் படமெடுத்து வைப்பது, ஆயிரம் பேர் பார்த்த பதிவைவிடப் பின்னாளில் உதவும்.

இணைப்பைத் தட்டிய எவரும் சேரக்கூடிய குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் நினைக்க வேண்டும். அறிவிப்புக்குப் பெரிய குழுவும், விவரங்களுக்கு நேரில் அறிந்தவர்கள் மட்டும் உள்ள சிறு குழுவும் தனித்தனியே இருப்பது நல்லது. உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பொறுப்பாகமாட்டார் என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. ஆயினும் வெறுப்புப் பதிவைக் கண்ட பின்னும் விட்டுவைக்க அது அனுமதியல்ல. நன்கொடையை அட்மினின் சொந்த ஜிபே எண்ணில் வாங்குவது, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வேண்டாம்.

கடைசியாக ஒன்று: அக்கரையில் சிக்கிய படகின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, குழுவைத் தொடங்கியவர் படிப்பை முடித்துத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பார், போன் மாறும்போது பழைய உரையாடல்களும் போய்விடும். எனவே குறைந்தது இரண்டு அட்மின்களை வைத்து, படகு எண், வழக்கு எண், வாய்தாத் தேதி, மனு ரசீதுகள் ஆகியவற்றை மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு நோட்டிலும் எழுதி வைக்க வேண்டும். படகுக்காரரின் மனைவி எந்த நாளும் போய்ப் புரட்டிப் பார்க்கும்படி அது இருக்க வேண்டும்.