வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரப் பள்ளிகளின் வினாடி வினாக்களுக்கு நெடுநாளாகக் கேள்வி எழுதியும் நடுவராக அமர்ந்தும் வருகிறேன். இந்தியாவின் இயற்கை அதிசயங்கள், புகழ்பெற்ற சின்னங்கள் என்ற சுற்றில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கேள்வித்தாள்களில் இருந்த அதே பிழைகள் இன்றும் வருகின்றன. எழுத்துப் பிழை போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லை சொல்லாத ‘மிக’

‘மிக உயரமான’, ‘மிகப் பெரிய’ என்று தொடங்கும் கேள்வியை எழுதுவது எளிது. தீர்ப்புச் சொல்வதுதான் கடினம். இப்பகுதியில் நடந்த ஒரு போட்டியில் இரண்டு அணிகள் சமநிலையில் நிற்க, கோப்பையைத் தீர்மானிக்கும் கேள்வியாக, ‘இந்தியாவின் மிக உயரமான சிகரம் எது?’ என்று கேட்டார்கள். முதலில் மணியை அழுத்திய மாணவி நந்தா தேவி என்றாள். தவறு என்று அறிவித்தார்கள். அடுத்த அணி கஞ்சன்ஜங்கா என்று சொல்லிக் கோப்பையைப் பெற்றுச் சென்றது.

8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா, சிக்கிமுக்கும் நேபாளத்துக்கும் இடையிலான எல்லையின்மீது நிற்கிறது. இந்திய நிர்வாகத்திலுள்ள நிலத்துக்குள் முழுவதுமாக அமைந்த சிகரங்களில் உயரமானது, உத்தராகண்டிலுள்ள 7,816 மீட்டர் நந்தா தேவிதான். இந்திய அரசின் வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், பாகிஸ்தான் கட்டுப்பாட்டிலுள்ள பகுதியில் 8,611 மீட்டர் உயர்ந்து நிற்கும் கே2, அதாவது காட்வின் ஆஸ்டின், இரண்டையும் மிஞ்சிவிடும். ஒரு வரிக் கேள்விக்கு மூன்று விடைகள் இருக்க, விடைத்தாளில் ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, முறையிட வந்த ஆசிரியரிடம் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று சொல்லி அனுப்பியதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு வேறொன்றைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனவே எந்த நிலப்பரப்பு, எந்த அளவுகோல், எந்த ஆண்டு நிலவரம் என்பது கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘தென்னிந்தியாவின்’ என்றால் கேரளத்தின் ஆனைமுடி (2,695 மீட்டர்). ‘தமிழ்நாட்டின்’ என்றால் தொட்டபெட்டா (2,637 மீட்டர்). அருவி என்றால், நீர் ஒரே வீழ்ச்சியாக விழும் உயரமா, படிப்படியாக இறங்கும் மொத்த உயரமா என்று குறிப்பிடாமல் ஜோக் அருவியின் பக்கமே போகாதீர்கள்.

காலாவதியான விடை

நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டு, நெடுங்காலம் நாட்டின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக விளங்கியது. 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்தபின்னும், காவலூரையே விடையாக எழுதித் தருகிறார்கள். உள்ளூர்ப் பெருமை என்பதால் எவரும் திருத்துவதில்லை. ‘சாமியில்லாத கோயில்’ என்ற பழைய வழக்கை நம்பி வேலூர்க் கோட்டையைப் பற்றிக் கேள்வி எழுதுவோரும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 முதல் வழிபாடு நடந்துவருகிறது.

தாஜ்மகாலும் யுனெஸ்கோவும்

யுனெஸ்கோ 1983இல் தாஜ்மகாலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2007இல் வெளியான ‘புதிய ஏழு அதிசயங்கள்’ பட்டியல், ஒரு தனியார் அமைப்பு வாக்கெடுப்பு நடத்தி அறிவித்தது. அதனுடன் யுனெஸ்கோவுக்குத் தொடர்பில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல்

தரையில் விழுகிறது. கேட்காதீர்கள்.

மெரினா

உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை அன்று.

மாவட்டப் பெயர்

வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019இல் மீண்டும் பிரிந்து மூன்றானது. பழைய கேள்வித்தாளிலிருந்து எடுக்கும்போது, ஏலகிரியையும் காவலூரையும் திருப்பத்தூர் மாவட்டம் என்றும், ஆற்காட்டை இராணிப்பேட்டை மாவட்டம் என்றும் மாற்றி எழுதுங்கள்.