ஒரே எழுத்துக்கூட்டு, இரண்டு வினைச்சொல்: 'லெட்' வழியாக ஒரு செய்முறை விளக்கம்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பக்கம் நடந்தால் எங்காவது ஒரு கதவில் 'டு லெட்' என்ற பலகை தொங்கும். வாடகைக்கு விடப்படும் என்று பொருள். வீட்டுக்கு வந்து உங்கள் மலேசியக் கடப்பிதழைத் திறந்து, உள்ளே இருக்கும் ஆங்கில வாசகத்தைப் படியுங்கள். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' போக அனுமதிக்கும்படி மாமன்னர் பெயரால் கேட்டிருப்பார்கள். தங்குதடையின்றி என்று பொருள். அப்புறம் ஸ்குவாஷ். எதிராளி குறுக்கே நின்று பந்தை அடிக்க முடியாமல் போனால் ஆட்டக்காரர் நடுவரைப் பார்த்து 'லெட், ப்ளீஸ்' என்பார். எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட் பிறந்த ஊர் பினாங்கு. கெலுகோரில் அவர் பெயரிலேயே ஒரு ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. அதனால் இந்தச் சொல்லைக் காதில் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர்.

பலகையில் இருப்பது 'விடு'. கடப்பிதழிலும் ஸ்குவாஷிலும் இருப்பது 'தடை'. எழுத்துக்கூட்டோ மூன்று இடத்திலும் ஒன்றுதான்.

என்னிடம் ஆங்கில டியூஷனுக்கு வரும் எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்கள் இந்த மாதிரிச் சொல்லைப் பார்த்தவுடன் "டீச்சர், இதுக்கு எத்தனை மீனிங்?" என்று கேட்டு, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த எழுத்துக்கூட்டுக்குள் எத்தனை சொல் இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும் கைத்தொலைபேசியும் போதும். எட்டிம்ஆன்லைன் என்ற சொற்பிறப்பு அகராதியும், விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. பையில் வைத்துக்கொள்ளும் சின்ன அகராதிகளில் பெரும்பாலும் சொல் பிறந்த கதை இருக்காது. இந்த வேலைக்கு அவை உதவா.

படி 1: அகராதியைத் திறக்காதீர்கள், வாக்கியங்களைச் சேருங்கள்

செய்தித்தாள், பாடநூல், பலகை, விளையாட்டு வர்ணனை என்று எங்கே அந்தச் சொல் வந்தாலும் முழு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, அந்த இடத்தில் தமிழில் நாம் இயல்பாக எந்த வினையைச் சொல்வோமோ அதை எழுதுங்கள். இலக்கண நூல் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழ் போதும்.

'லெட்' என்ற சொல்லுக்கு என் மாணவர்கள் நோட்டில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 'லெட் மீ கோ' என்றால் என்னைப் போக விடு. 'ஹவுஸ் டு லெட்' என்றால் வீடு வாடகைக்கு விடப்படும். 'ஹீ லெட் மீ டவுன்' என்றால் என்னைக் கைவிட்டுவிட்டான். 'ஷீ லெட் அவுட் எ சை' என்றால் பெருமூச்சு விட்டாள். 'தே லெட் ஹிம் ஆஃப்' என்றால் தண்டிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். போக விடு, வாடகைக்கு விடு, கைவிடு, மூச்சு விடு, விட்டுவிடு. ஆங்கிலத்தில் 'லெட்' போன பாதையிலேயே தமிழில் 'விடு' என்ற வினையும் போயிருக்கிறது. ஆங்கிலேயருக்கே 'அனுமதி' என்ற பொருளும் 'வாடகை' என்ற பொருளும் எப்படி ஒரே வினையில் சேர்ந்தன என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். நமக்குத் தேவையில்லை. வீட்டை ஒருவர் கையில் விடுகிறோம், அதற்கு வாடகை வாங்குகிறோம், அவ்வளவுதான். தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலம் படிக்கும்போது தங்கள் மொழியை ஓரமாக வைத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களை நான் ஏற்பதே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் நம் மொழிதான் சரியான வழிகாட்டி.

படி 2: தமிழ் வினை எங்கே மாறுகிறது?

மேலே உள்ள ஐந்துக்கும் ஒரே வினை போதுமாக இருந்தது. கடப்பிதழ் வாசகத்துக்கும் ஸ்குவாஷுக்கும் 'விடு' எந்த வகையிலும் பொருந்தாது. அங்கே 'தடை', 'தடு' என்றுதான் வரும். இப்படி வினை அடியோடு மாறும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் வேறு வேறு சொல்லாக இருக்கலாம் என்பது உங்கள் முதல் சந்தேகம்.

சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு இன்னும் வரவில்லை. 'ட்ரா' என்ற வினையைப் பாருங்கள். படம் வரை, வண்டியை இழு, கிணற்றில் தண்ணீர் இறை என்று தமிழில் மூன்று வினைகள் வரும். ஆனால் ஆங்கிலத்தில் அது ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தின் 'ட்ரகன்', இழுப்பது என்று பொருள். பென்சிலைத் தாளின் மேல் இழுத்தால் கோடு வரும். நாமும் 'கோடு இழு' என்கிறோம், மேசையில் இருப்பதை 'இழுப்பறை' என்கிறோம். எனவே அடுத்த படி அவசியம்.

படி 3: அகராதியில் சின்ன எண்ணைத் தேடுங்கள்

ஒரே வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் ஆசிரியர் பெயர்ப்பட்டியலில் குமார் ஒன்று, குமார் இரண்டு என்று குறித்துக்கொள்வார். நல்ல ஆங்கில அகராதிகளும் அதைத்தான் செய்கின்றன. தலைச்சொல்லின் பக்கத்தில் மேலே பொடி எண்ணாக 1, 2 என்று இருந்தால் அவை வேறு வேறு சொற்கள். விக்சனரியில் 'எட்டிமாலஜி 1', 'எட்டிமாலஜி 2' என்று தனித்தலைப்பாகவே இருக்கும். ஒரே தலைச்சொல்லுக்கு உள்ளே வரும் 1, 2, 3 வேறு விஷயம், அவை ஒரு சொல்லின் கிளைப்பொருள்கள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்த இரண்டு வகை எண்ணையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வார்கள். எங்கே எண் இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

நம் பழைய நிகண்டுகளில் இந்தப் பிரிவு இருக்காது. சூடாமணி நிகண்டில் 'ஒரு சொல் பல்பொருள்' தொகுதி என்றே தனியாக ஒன்று உண்டு. ஆனால் அங்கே பொருள்களை அடுக்குவதுதான் நோக்கம், வேரைப் பிரிப்பது இல்லை. செய்யுள் எழுதுகிறவருக்கு அந்த அடுக்குத்தான் தேவைப்பட்டது.

படி 4: பிறப்புக் குறிப்பைப் படியுங்கள்

அடைப்புக்குள் ஏதோ சுருக்கெழுத்தாக இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 'ஓ.இ.' என்பது பழைய ஆங்கிலம், ஏறத்தாழ 1150 வரை. 'எம்.இ.' என்பது இடைக்கால ஆங்கிலம், 1500 வாக்கு வரை. சொல்லுக்கு முன் நட்சத்திரக்குறி இருந்தால், அந்த வடிவம் எந்தச் சுவடியிலும் கிடைக்கவில்லை, மொழியியலாளர்கள் ஒப்பிட்டு ஊகித்தது என்று பொருள்.

இப்போது 'லெட்' சொல்லுக்கு வருவோம். விடுவது என்ற பொருள் பழைய ஆங்கிலத்தின் 'லேட்டன்' என்ற வினையிலிருந்து வருகிறது. தடுப்பது என்ற பொருள் 'லெட்டன்' என்ற வினையிலிருந்து. முதலாவதில் நெடில், இரண்டாவதில் குறிலும் இரட்டை 'ட'கரமும். குறில் நெடிலில் பொருள் மாறுவதைப் 'படு, பாடு' என்று சின்ன வயதிலேயே படித்தவர்கள் நாம். காலப்போக்கில் 'லேட்டன்' வினையின் நெடில் குறுகியது, இரண்டின் ஈறுகளும் தேய்ந்து விழுந்தன. கடைசியில் இரண்டும் 'லெட்' என்று வந்து நின்றன.

படி 5: உறவினரை விசாரியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு சொல்லின் சொந்தக்காரர்கள் யார் என்று தெரிந்தால் அதன் பொருள் மறக்கவே மறக்காது.

விடுகிற 'லெட்' சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் 'லாசன்' என்று உறவு. அங்கேயும் விடுவது என்றே பொருள். தடுக்கிற 'லெட்' சொல்லுக்கு உறவு யார் தெரியுமா? நாம் தினமும் சொல்லும் 'லேட்'. "பஸ் லேட்" என்கிறோமே, அதே சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'மெதுவான' என்ற பொருளும் இருந்தது. ஒருவரை மெதுவாக்கினால் தாமதம், தாமதமாக்கினால் தடை. 'கடைசி' என்று பொருள்படும் 'லாஸ்ட்' இதே குடும்பம், 'மிகவும் லேட்டானது' என்பதே அதன் பழைய பொருள். தங்குதல் என்ற சொல்லிலும் நமக்குத் தாமதம், தடை என்ற சாயல் உண்டு. கடப்பிதழ் வாசகத்துக்குத் 'தங்குதடையின்றி' இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அதனால்தான்.

இன்னும் ஆழமாகப் போனால் ஒரு திருப்பம் இருக்கிறது. இந்த இரண்டு குடும்பத்தையும் நட்சத்திரக்குறி போட்ட ஒரே ஆதி வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். 'தளர்த்து, நழுவ விடு' என்பது அந்த வேரின் பொருள். பிடியைத் தளர்த்தினால் அனுமதி, உடல் தளர்ந்தால் மெதுவாவோம். லத்தீனில் 'களைத்த' என்று பொருள்படும் 'லாசுஸ்' கூட இந்த வழியில் வந்ததே. அப்படியானால் இரண்டு சொல் என்பது தவறா? இல்லை. ஆங்கிலம் எழுத்தில் கிடைக்கும் காலம் முழுவதும் அவை இரண்டாகவே இருந்திருக்கின்றன. எந்தக் காலம் வரை பின்னால் போய்ப் பார்க்கிறோம் என்பதை நோட்டில் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் வராது.

படி 6: இரண்டில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது?

1600 வாக்கில் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவியைப் பின்தொடர்ந்து போகப் பார்க்கும்போது நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். இன்றைய பொருளில் படித்தால், போக விடுகிறவனைக் கொல்வேன் என்று தலைகீழாகிவிடும். அவன் சொன்னது தடுக்கிறவனை. 1611 ஆங்கில பைபிளில், ரோமாபுரிக்கு வர நினைத்தும் இதுவரை 'லெட்' ஆனேன் என்று பவுல் எழுதுகிறார். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'தடை' என்றே இருக்கும்.

ஒரே ஒலி, எதிரெதிர்ப் பொருள் என்றால் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். தடுக்கிற 'லெட்' ஒதுங்கியது. சட்ட வாசகத்திலும் விளையாட்டிலும் மட்டும் தங்கிவிட்டது. பூப்பந்து மண்டபத்தில் பக்கத்து கோர்ட் பந்து நடுவில் வந்து விழுந்தால் 'லெட்' என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி சர்வ் போடுவார்கள். அதுவும் இதே தடைதான். ஆகவே மாணவர்கள் எழுதிப் பழக வேண்டியது விடுகிற 'லெட்' மட்டுமே, மற்றதைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

நீங்களே செய்து பார்க்க

'லை' என்ற வினையை எடுங்கள். பொய் சொல்வது ஒன்று, படுத்திருப்பது ஒன்று. இது சுலபம், ஏனென்றால் இறந்தகால வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். முதலாவது 'லைட்' என்று ஆகும், இரண்டாவது 'லே', 'லெயின்' என்று ஆகும்.

'க்ளீவ்' கொஞ்சம் கடினம். பிளப்பதும் அதுதான், ஒட்டிக்கொள்வதும் அதுதான். 1611 பைபிளில் ஆபிரகாம் விறகு பிளந்ததற்கும், ரூத் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டதற்கும் ஒரே இறந்தகால வடிவம் 'க்ளேவ்' என்று இருக்கிறது, எனவே வடிவத்தை நம்ப முடியாது. உறவினரைத் தேடுங்கள். பிளக்கிற பக்கம் இறைச்சிக்கடைக் கத்தி 'க்ளீவர்' நிற்கும், ஒட்டுகிற பக்கம் களிமண் 'க்ளே' நிற்கும்.

அது முடிந்ததும் 'க்ளோவ்' என்ற பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பூண்டுப் பல்லுக்கும் அதே பெயர், கிராம்புக்கும் அதே பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி 1790களில் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து பினாங்குக்குக் கன்று கொண்டுவந்த அதே கிராம்புதான். இந்த இரண்டில் ஒன்று பிளக்கிற 'க்ளீவ்' குடும்பம், மற்றொன்று ஆணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எது எந்தப் பக்கம் என்று அகராதியைத் திறக்கும் முன்பே எழுதிவிட்டு, அப்புறம் சரிபாருங்கள்.