துபாயில் பள்ளி தேடுகிறீர்களா? பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் கட்டடத்து லிஃப்டில் பள்ளிச் சேர்க்கைப் பேச்சுதான். துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும் என்பதால் அலைச்சல் இப்போதே ஆரம்பமாகிவிடும். போன வாரம் நான்காவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கோயம்புத்தூர்த் தம்பதி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் தாத்தா பாட்டியோடு இருக்கும் பையன் எட்டாம் வகுப்பை முடித்ததும் இங்கே அழைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

"அக்கா, இந்த ஐபி ஸ்கூல்ல நீச்சல் குளம், ரோபோட்டிக்ஸ் லேப் எல்லாம் இருக்கு. இதுலயே போட்டுடலாம்னு பாக்குறோம்" என்றாள் அந்தப் பெண். ஐபி என்பது இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்.

"பன்னண்டாவது முடிச்சிட்டுப் பையன் எங்க படிப்பான்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 2011-ல் நானும் என் கணவரும் இதே கேள்வியைப் பள்ளியிடம் பேசாமல்தான் ஒரு பள்ளியின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பறையைப் பாருங்கள், கட்டணத்தை விசாரியுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை யாரும் சொல்லாமலே எல்லோரும் செய்கிறார்கள். பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறுகளைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்காமல் பாடத்திட்டத்தை எடுப்பது

என் மகள் ஆறாம் வகுப்பு போகும்போது கணவரின் கம்பெனி படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது. சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து எடுத்து ஒரு ஐபி பள்ளியில் சேர்த்தோம். நல்ல பள்ளி, நல்ல ஆசிரியர்கள். அவளும் சந்தோஷமாகத்தான் படித்தாள். பத்து வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. மருத்துவம் தமிழ்நாட்டில்தான் என்பதில் எங்களுக்கும் சந்தேகமே இல்லை.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான ஐபி டிப்ளமா எப்படி அமைந்திருக்கிறது என்பதை அப்போது நாங்கள் உட்கார்ந்து பார்க்கவில்லை. பாடங்கள் ஆறு தொகுதிகளாக இருக்கும்: மொழியும் இலக்கியமும், இரண்டாம் மொழி, வரலாறு பொருளாதாரம் போன்ற சமூகப் பாடங்கள், அறிவியல், கணிதம், கலை. தொகுதிக்கு ஒன்று எடுக்க வேண்டும். கலையை விட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அறிவியலை வைத்துக்கொள்ளலாம். ஆக வழக்கமான டிப்ளமாவில் அறிவியல் பாடம் அதிகபட்சம் இரண்டு. கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும் என்கிற பொறியியல் பிள்ளைக்கு இதில் சிக்கல் இல்லை. நீட் எழுதுவதற்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் படித்திருக்க வேண்டும், ஆங்கிலமும் சேர்த்து.

பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் பள்ளியின் ஆலோசகர், மருத்துவத்துக்கு உயிரியலும் வேதியியலும் 'ஹையர் லெவல்' என்ற விரிவான நிலையில் எடுத்தால் சரியாக இருக்கும் என்றார். பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு அது சரியான பதில்தான். நாங்கள் தமிழ்நாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டோம், அவர் பிரிட்டனை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். இரண்டு பக்கமும் நாட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. 2018 பிப்ரவரியில் நீட் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் இயற்பியல் இல்லாதது தெரிந்தது. இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

மறுபடி பதினொன்றிலிருந்து தொடங்குவதா என்று இரண்டு வாரம் பேசினோம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். சென்னையில் உளவியல் படித்தாள், இன்று விரும்பித்தான் வேலை செய்கிறாள். ஆனால் அன்று இரவு அந்த விண்ணப்பப் பக்கத்தை மூடிவிட்டு எதுவும் பேசாமல் அறைக்குப் போனாளே, அதை என்னால் மறக்க முடியவில்லை. ஒரே ஒரு கேள்வியை நான் ஆறு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. பன்னிரண்டுக்குப் பிறகு விடுபட்ட பாடத்தைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் நீட் எழுதலாம். அதை நம்பிக்கொண்டு பதினொன்றில் பாடத்தை விடாதீர்கள். இன்னொரு தேர்வு, அநேகமாக இன்னொரு வருடம். ஐபியிலேயே மூன்று அறிவியல் எடுக்கவும் ஒரு வழி உண்டு. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு இது தேவை என்பதைக் காட்டி, சமூகப் பாடத்துக்குப் பதிலாக இன்னொரு அறிவியல் எடுக்கப் பள்ளி மூலமாக ஐபி அமைப்பிடம் தனி அனுமதி கேட்கலாம். படிப்பு தொடங்கும்போதே கேட்க வேண்டும். பள்ளிகள் தாமாக இதைச் சொல்வது அபூர்வம், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் பாடங்களின் சிக்கல் குறைவு. அதில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலில் மூன்று அறிவியலையும் எடுக்கலாம். அங்கே தேதிதான் சிக்கல். சிபிஎஸ்இ முடிவு மே மாதம் வரும், ஐபி முடிவு ஜூலை முதல் வாரம். மே, ஜூனில் எழுதும் ஏ லெவலுக்கு முடிவு ஆகஸ்ட் நடுவில்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டு நடக்கிறது. அதற்கான பதிவு ஜூன் வாக்கிலேயே முடிந்துவிடும். கையில் மதிப்பெண் பட்டியல் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அதனால் எந்தப் பருவத்தில் தேர்வு எழுத வைப்பார்கள் என்று பள்ளியிடம் முன்பே பேசிவையுங்கள். வெளிநாட்டுப் பாடத்திட்டம் நம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சான்றிதழுக்கும் நாள் ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பத்து வரைக்கும் இங்க, அப்புறம் நாமக்கல் ஹாஸ்டல்" என்று திட்டம் போடும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்ஐடிகளில் வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கான டாசா திட்டம் இருக்கிறது. அதற்குள்ளேயே வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் தனி இடம் உண்டு. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும், பதினொன்றும் பன்னிரண்டும் வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்திலும் வளைகுடாப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. பத்து முடித்ததும் ஊருக்கு அனுப்பினால் டாசா வாசல் மூடிவிடும். அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, ஆனால் தெரிந்து எடுங்கள். விதிமுறையை அந்தந்த வருடக் கையேட்டில் பாருங்கள்.

பிள்ளை கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ போகப் போகிறது என்றால் ஐபியும் ஏ லெவலும் அருமையான வழிகள். ஊர்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் சிபிஎஸ்இ எடுங்கள், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. இன்னும் தெரியவில்லையா? எட்டாம் வகுப்புக்குள் தெரிந்தாக வேண்டும். ஒன்பதில் சிபிஎஸ்இ பெயரைப் பதிவு செய்துவிடும், பத்தில் நேரடியாகச் சேர்ப்பது மிகக் கடினம்.

வகுப்பு எண்ணைக் குழப்பிக்கொள்வது

பிரிட்டிஷ் பள்ளியின் இயர் 2 என்பது நம் ஒன்றாம் வகுப்பு. "இயர் 9-ல் போடுகிறார்கள், ஒரு வகுப்பு முன்னேறிவிட்டான்" என்று சந்தோஷப்பட்ட ஒரு அப்பாவுக்கு அது எட்டாம் வகுப்புதான் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. காலண்டரும் வேறு. பிரிட்டிஷ், ஐபி பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். ஊரில் ஏப்ரலில் எட்டாம் வகுப்பை முடிக்கும் பையன் நான்கு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இயர் 10-ல் சேருவான். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற ஐஜிசிஎஸ்இ தேர்வுக்கான பாடங்கள் பொதுவாக அங்கேதான் ஆரம்பம், அதனால் அவனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இதே பையன் ஒரு வருடம் கழித்து வந்தால் இரண்டு வருடப் படிப்பில் பாதியைத் தவறவிட்டிருப்பான்.

ஆய்வு அறிக்கையில் ஒரு சொல்லை மட்டும் படிப்பது

துபாய்த் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் கேஎச்டிஏ, 'மிகச் சிறப்பு' தொடங்கி 'மிகவும் பலவீனம்' வரை ஆறு படிகளில் மதிப்பிட்டு வந்திருக்கிறது. பள்ளி வாசலில் பெரிதாகத் தொங்குவது அந்த ஒரு சொல்தான். 2024-25 கல்வியாண்டில் வழக்கமான முழு ஆய்வுகள் நடக்கவில்லை. அதனால் முதலில் அறிக்கையின் வருடத்தைப் பாருங்கள். அப்புறம் உங்கள் பிள்ளை சேரப்போகும் நிலையில் கணிதம், அறிவியல், ஆங்கிலத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தொடக்க வகுப்புகளில் பிரமாதமாக இருந்து மேல் வகுப்புகளில் சரிந்த பள்ளிகள் உண்டு.

ஐபி என்றால் அங்கீகாரம் வந்துவிட்டதா, இல்லை இன்னும் வேட்பாளர் நிலைதானா என்று ஐபி தளத்திலேயே தேடுங்கள். புதுப் பள்ளி என்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனிப் பணத்தை நம்பிப் பள்ளியைப் பிடிப்பது

வருடம் 10,000 திர்ஹாமுக்குள் முடியும் இந்தியப் பள்ளியும் இங்கே உண்டு, மேல் வகுப்புகளில் 1,00,000 திர்ஹாமைத் தாண்டும் ஐபி பள்ளியும் உண்டு. படிப்புச் சலுகை நாளைக்கே நின்றால் சம்பளத்தில் கட்ட முடியுமா? முடியாது என்றால் அந்தப் பள்ளி வேண்டாம். பத்தாம் வகுப்பு நடுவில் பிள்ளையை இடம் மாற்றும் வேதனையை இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

ஷார்ஜாவில் வீடு, துபாயில் பள்ளி

இருட்டில் பேருந்து ஏறும் பிள்ளை வகுப்பில் தூங்கும். வேண்டாம்.

தமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

அரபு கட்டாயம். இரண்டாம் மொழியாக இந்தியும் பிரெஞ்சும் எளிதாகக் கிடைக்கும். தமிழ் சில பள்ளிகளில்தான். 2006-ன் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். ஒன்பதாம் வகுப்பில் திருச்சிக்குத் திரும்பிய என் தங்கை மகன், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே அந்த வருடம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் வீட்டிலிருந்தே படிக்கக்கூடியவை. ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

டிசியை அப்படியே எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவது

கல்வி அலுவலரின் மேலொப்பம் இல்லாத மாற்றுச் சான்றிதழோடு வந்து, ஊரில் வயதான அப்பாவை அலைய விட்டவர்கள் பலர். சான்றொப்பங்கள் எந்த வரிசையில் வேண்டும் என்று சேரப்போகும் பள்ளியிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். நான்காவது மாடிப் பையனின் பள்ளியில் தேர்வு ஏப்ரலில்தான் முடிகிறது, இங்கே வகுப்பு அந்த மாத முதல் வாரமே தொடங்கிவிடும். தாத்தாவே நேரில் போய்த் தலைமையாசிரியரிடம் இப்போதே பேசிவைக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.