அமிர்தி ஓடையில் முதல் தடவை குளிக்கப் போகிறவர்களுக்கு

வேலூரில் கடல் கிடையாது, பாலாற்றிலும் பல மாதம் மணல்தான். பாறைக்கு நடுவே ஓடும் தண்ணீரில் குளிக்க ஆசைப்பட்டால் ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்திக்குப் போங்கள். கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர்.

வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு, நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல சமயம். கோடையில் வெறும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். பெருமழை பெய்த மறுநாளே கிளம்ப வேண்டாம். இரண்டு மூன்று நாள் போகட்டும், கலங்கல் தெளியும்.

இது வனத்துறை இடம். அன்றைக்கு ஓடையின் அருவிப் பக்கம் விடுகிறார்களா என்று அங்குள்ள உயிரியல் பூங்கா வாசலிலேயே கேளுங்கள். கூடாது என்றால் திரும்பிவிடுங்கள். வேறு வழியாகக் காட்டுக்குள் நுழையவே கூடாது.

சரி, தண்ணீர்கிட்டே வந்தாச்சு. உடனே இறங்காதீர்கள். கொஞ்ச நேரம் கரையில் நின்று பாருங்கள். வெளுத்துச் சலசலவென்று ஓடும் இடம் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. கரும்பச்சையாக அசையாமல் கிடப்பதுதான் மடு. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆள் உயரத்துக்கு மேலேயும் இருக்கலாம். ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். அது ஒரே இடத்தில் சுற்றினால் அங்கே சுழல் இருக்கிறது. அப்புறம் ஒரு நீளக் கம்பால் குத்திக் குத்தி, ஒவ்வொரு அடியாக இறங்குங்கள். பாறையில் பாசி படர்ந்திருந்தால் நிற்காமல் உட்கார்ந்தபடியே நகர்வது நல்லது. நீச்சல் தெரியாதவர்களுக்கு இடுப்பளவுதான் எல்லை. நன்றாக நீந்துகிறவர்களும் மேலிருந்து குதிக்கக் கூடாது, அடியில் கிடக்கும் பாறை மேலே தெரியாது.

தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ மேலே மலையில் மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, அந்த நொடியே எல்லோரையும் கரையேற்றுங்கள். துணி, செருப்பு எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதித்துவிடாதீர்கள். கயிறோ, வேட்டியோ, புடவையோ வீசி இழுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் ஒருவர் வாசலுக்கு ஓடட்டும். இதற்காகவே தனியாகப் போக வேண்டாம் என்கிறேன். குடித்துவிட்டு இறங்குகிறவர்களோடு போகவே வேண்டாம்.

சோப்பு, ஷாம்பு எடுத்துப் போகாதீர்கள். கீழே மாடுகளும் காட்டு விலங்குகளும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. பஸ்ஸில் போகிறவர்கள், திரும்பும் பஸ் எப்போது என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.