டமாஸ்கஸ் மடக்குக் கத்தி ஆர்டர் கொடுக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஒரு தம்பி, கத்தி செய்யற மேக்கருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணேன்னு தன்னோட ஆர்டர் மெயிலை எனக்கு அனுப்பியிருந்தான். மூணாவது பாராவுல, "பேட்டர்ன் பிளேடு முழுக்க பிவட் வரைக்கும் வரணும், நல்லா டீப்பா எட்ச் பண்ணுங்க, விரல் வெச்சா கோடு தட்டுப்படணும்"னு இருந்துச்சு. பிவட்னா பிளேடு சுத்தற அச்சு, எட்ச்னா ரசாயனக் கரைசல்ல முக்கி பேட்டர்னை வெளியில கொண்டுவர்றது. 2016ல நான் எழுதின மெயிலும் கிட்டத்தட்ட இதேதான். அன்னிக்கு ராத்திரியே ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன், பேசினதை எழுதியும் வெச்சுடலாம்னு தோணுச்சு.

நான் கத்தி செய்யறவன் இல்லை, சொல்லிச் செய்ய வெச்சு வாங்கறவன். பன்னெண்டு வருஷத்துல ஏழு மடக்குக் கத்தி. வருஷா வருஷம் ஜூன்ல அட்லாண்டாவுல பிளேட் ஷோன்னு கத்திக் கண்காட்சி நடக்கும், அங்க மேக்கருங்க டேபிள் டேபிளா நின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும், காசு போய்க் கத்துக்கிட்டதும்தான் இதெல்லாம். விசாரிக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்கங்கற மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதை விட்டுடறேன்.

வெறும் "டமாஸ்கஸ்"னு எழுதறது

அது ஒரு எஃகோட பேர் இல்லீங்க. இன்னிக்கு மேக்கருங்க டமாஸ்கஸ்னு சொல்றது ரெண்டு வகை எஃகை அடுக்கி, கொல்லுலையில காய்ச்சி அடிச்சு ஒட்ட வெச்சது. 1973ல பில் மோரன்னு ஒரு அமெரிக்க மேக்கர் கான்சாஸ் சிட்டியில நடந்த ஷோவுக்கு இந்த மாதிரி கத்திங்களைக் கொண்டுவந்து வெச்சப்புறம்தான் அமெரிக்காவுல இதுக்கு மறுபடி மவுசு வந்துச்சு. நம்ம ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் பக்கம் மூசையில உருக்கின எஃகு வேற சமாச்சாரம், அதுல வர்ற அலை உலோகத்துக்குள்ளயே கார்பைடுங்கற கடினமான துகள் வரிசை கட்டி நிக்கறதால வர்றது. நம்ம பசங்க ரெண்டையும் குழப்பிக்கிட்டு, "எங்க ஊரு எஃகு சார் இது"ன்னு மேக்கர்கிட்டயே சொல்றாங்க. அந்தப் பெருமை நமக்கு நிச்சயமா உண்டு, ஆனா அவர் டேபிள்ல இருக்கறது அது இல்ல.

அதனால எந்த ரெண்டு எஃகுன்னு கேளுங்க. 1084ம் 15என்20ம்னு சொன்னா அது கார்பன் டமாஸ்கஸ், நல்லா வெட்டும், துருவும் பிடிக்கும். துரு வேண்டாம்னா ஸ்வீடன்ல சோடர்ஃபோர்ஸ்னு ஒரு ஊர்ல செய்யற டமாஸ்டீல் மாதிரி ஸ்டெயின்லெஸ் வகை இருக்கு, விலை கூட. சென்னை மாதிரி உப்புக்காத்து ஊர்ல தினம் பாக்கெட்ல வெச்சுப் புழங்கப் போறீங்கன்னா அந்தக் காசைக் கொடுத்துடுங்க. கார்பன்தான் வேணும்னா ஹீட் ட்ரீட் பண்ணினப்புறம் ஹார்ட்னஸ் எவ்வளவுன்னும் கேட்டுக்கோங்க, 58லேர்ந்து 60 ராக்வெல்னு பதில் வரணும்.

லேயர் எண்ணிக்கையைத் துரத்தறது

10 லேயரை மடிச்சு மடிச்சு அஞ்சு தடவை அடிச்சா 320. இன்னும் ரெண்டு தடவை மடிச்சா 1280, அதுல பெரிய வித்தை இல்ல. மூணு மில்லி தடிமன் பிளேடுல அத்தனை லேயர் போனா கையை நீட்டிப் பாக்கும்போது வெறும் சாம்பல் நிறமாத்தான் தெரியும்.

பிவட் வரைக்கும் டீப் எட்ச் கேக்கறது

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா என்னோட பெரிய நஷ்டம் இதுதான்.

மெருகு போட்ட டமாஸ்கஸ் பிளேடு சாதா இரும்பு மாதிரிதான் இருக்கும், கோடு தெரியவே தெரியாது. அதை ஃபெரிக் குளோரைடு கரைசல்ல முக்கும்போது 1084 லேயர் அரிச்சுக் கறுக்கும், 15என்20ல கிட்டத்தட்ட 2 சதவீதம் நிக்கல் இருக்கறதால அது அவ்வளவா அரிக்காம பளபளன்னு நிக்கும். கொஞ்ச நேரம் முக்கினா நிறம் மட்டும் மாறும், திரும்பத் திரும்ப முக்கி எடுத்தா ஒரு லேயர் பள்ளமாவும் பக்கத்து லேயர் மேடாவும் ஆயிடும். வெட்டற பக்கத்துல அந்த மேடு பள்ளம் பாக்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனா பிவட் ஓட்டை இருக்கற அடிப்பாகம், டேங்னு சொல்லுவாங்க, அங்க அதே மேடு பள்ளம் இருந்தா அது அரம்தான். அதோட ரெண்டு பக்கமும் மெல்லிசா வெண்கல வாஷர் ஒட்டிக்கிட்டு நிக்குது, லைனர்ல, அதாவது கைப்பிடிக்கு உள்பக்கத் தகட்டுல, பதிச்ச குட்டிக் குண்டு ஒண்ணு அது மேல உரசிக்கிட்டே போகுது, நீங்க கத்தியைத் திறக்கற ஒவ்வொரு தடவையும்.

நான் ஆர்டர் கொடுத்தது லைனர் லாக் (திறந்ததும் லைனரே நகர்ந்து பிளேடைப் பிடிச்சுக்கும்), இறகு மாதிரி தெரியற ஃபெதர் பேட்டர்ன், மூணேகால் இன்ச் பிளேடு. மேக்கர் ஒரு மெயில்ல, "டேங்கை வழவழன்னு விட்டுடுவேன், அங்க பேட்டர்ன் தெரியாது"ன்னு ஒரே ஒரு வரி எழுதினாரு. நான் விடல, அந்த இறகோட நடு நரம்பு பிவட்டுக்குள்ள போய் மறையணும், பாதியில நின்னா நல்லா இருக்காதுன்னு நீளமா பதில் போட்டேன். அவர் "ஓகே"ன்னு ஒரு வார்த்தை அனுப்பினாரு. பதினாலு மாசம் கழிச்சு கத்தி வந்துச்சு, 1,400 டாலர், பெட்டியைத் திறந்ததும் வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூணாவது வாரம் திறக்கும்போது மணல் அரைபடற மாதிரி ஒரு கர்ர்ர் சத்தம். எண்ணெய் விட்டேன், ரெண்டு நாள் அடங்கி மறுபடி ஆரம்பிச்சுது. கழட்டிப் பாத்தா எண்ணெய் பச்சையும் கறுப்புமா மை மாதிரி ஆகியிருக்கு, விரல்ல தேய்ச்சா வெண்கலப் பொடி மினுமினுங்குது, வாஷர்ல இசைத்தட்டு மாதிரி வளையம் வளையமா கீறல். நாலு மாசத்துல பிளேடைத் திறந்து நுனியைப் பிடிச்சு ஆட்டினா டக் டக்னு ஆடுது. அந்த மே மாசம் சென்னைக்குக் கொண்டுபோனேன், அத்தை வீட்டுல அதால ரெண்டு மாங்கா நறுக்கி, துணியால துடைச்சு, ஷெல்ஃப்ல வெச்சேன். துணி மேட்டைத்தான் துடைச்சிருக்கு, பள்ளத்துல இருந்த புளிப்பு அப்படியே நின்னுடுச்சு, காலையில பாத்தா இறகு முழுக்க ஆரஞ்சுக் கோடு. வாஷருக்கு அடியில இறங்கினது அதை விட மோசம்.

சரி பண்ண வேற ஒரு மேக்கர்கிட்ட போனேன். டேங்கை ரெண்டு பக்கமும் கிரைண்ட் பண்ணி ஃப்ளாட் ஆக்கினாரு, அதனால டேங் மெலிஞ்சு போச்சு, மெலிஞ்சதால தடிமனா வாஷர் போட வேண்டியதாச்சு, வாஷர் மாறினதும் லாக் உக்கார்ற இடம் மாறிடுச்சு, அதையும் திரும்பச் சரி பண்ணணும், ஆகமொத்தம் 420 டாலர். இறகோட நரம்பு இப்ப பிவட்டுக்கு முன்னாடியே நிக்குது, அதாவது முதல் மேக்கர் எப்படி விடறேன்னு சொன்னாரோ அப்படியே. இன்னிக்கும் நினைச்சா ஆத்திரம் வருது. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஏன்னு இன்னும் ரெண்டு வரி எழுதியிருந்தா நான் அடங்கியிருப்பேன், நானாவது ஏன் சார்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அதனால ஆர்டர்ல இதை எழுதிடுங்க: எட்ச் பண்ணும்போது டேங் ரெண்டு பக்கமும், லாக் வந்து முட்டற முகமும் மறைச்சிருக்கணும், இல்லாட்டி எட்ச் முடிஞ்சதும் ஃப்ளாட்டா தேய்ச்சு எடுக்கணும். மறைக்கறதுக்கு நிறைய பேர் சாதாரண நெயில் பாலிஷ்தான் பூசறாங்க, ஒண்ணும் செலவில்லாத வேலை. வாஷருக்குப் பதிலா பேரிங் போட்டாலும் இதே கதைதான். கறுப்பு நல்லா தூக்கலா தெரியணும்னா அதுக்கு ஆழம் தேவையே இல்ல. லேசா எட்ச் பண்ணி, கெட்டியா கலந்த இன்ஸ்டன்ட் காபியில ராத்திரி முழுக்க ஊறப் போடுவாங்க, காலையில எடுத்து 2000 நம்பர் உப்புத்தாளை மேலாப்புல ஒரு இழுப்பு இழுத்தா நிக்கல் லேயர் வெள்ளையா மேல வந்துடும், பக்கத்துல கறுப்பு மை மாதிரி நிக்கும்.

பில்லட் ஃபோட்டோவைப் பாத்து பேட்டர்ன் முடிவு பண்றது

பில்லட்னா பிளேடு வெட்டறதுக்கு முன்னாடி இருக்கற எஃகுப் பட்டை. லேடர் பேட்டர்ன்னா குறுக்கால காடி வெட்டி அடிச்சு சமமாக்கறது, ரெயின்டிராப்னா குழி போட்டு அடிக்கறது, ரெண்டுமே மேலாப்புல நடக்கற வேலை. விளிம்பை நோக்கிச் சரிவா கிரைண்ட் பண்ணப் பண்ண உருவம் மாறிக்கிட்டே போகும். அதுவும் ரெண்டு இன்ச் அகல பில்லட்ல ஜம்முனு தெரியற பெரிய மொசைக், ஒரு இன்ச் கூட அகலமில்லாத மடக்குக் கத்தியில பாதிப் பூவா வந்து நிக்கும். அந்த மேக்கர் அதே பேட்டர்ன்ல முடிச்ச ஒரு மடக்குக் கத்தியோட ஃபோட்டோ கேளுங்க. வேட்டைக் கத்தி ஃபோட்டோ காட்டினா அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ஒருத்தர் டிசைனை இன்னொருத்தர்கிட்ட காட்டி "இதே மாதிரி" கேக்கறது

வேண்டாம்.

நடுவுல அளவை மாத்தறது

நேர் கத்தியில கால் இன்ச் கூட்டினா அது கால் இன்ச்தான். மடக்குக் கத்தியில பிளேடு கால் இன்ச் நீண்டா மடக்கும்போது நுனி வெளியில நீட்டும், உடனே கைப்பிடி, லைனர், பிளேடைத் தடுத்து நிறுத்தற ஸ்டாப் பின் எல்லாமே மாறணும், அறுத்து வெச்ச லைனர் குப்பைக்குப் போகும். மேக்கர்கிட்ட வரைபடம் வாங்கி, நிஜ அளவுல பிரிண்ட் எடுத்து அட்டையில வெட்டுங்க, பிளேடு ஒரு துண்டு கைப்பிடி ஒரு துண்டு, பிவட் இடத்துல குண்டூசி குத்தி ஒரு வாரம் கையில வெச்சுத் திறந்து மூடிப் பாருங்க. என் கை பெருசுன்னு நினைச்சு நாலு இன்ச் கைப்பிடி கேட்டவன் நான், அட்டை வெட்டினப்புறம் மூணே முக்காலே எனக்குப் போதும்னு புரிஞ்சுது.

கைப்பிடிக்கு யானைத் தந்தம் கேக்கறது

கேக்கவே கேக்காதீங்க. அழிஞ்சுபோன மாமத் யானையோட தந்தம்னு சொன்னா கூட நியூயார்க், கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்கள்ல விக்கத் தடை, அதுவும் வறண்ட காத்துல விரிசல் விடும்.

சட்டத்தைப் பாக்காம லாக் முடிவு பண்றது

நீங்க இருக்கற நாட்டுச் சட்டத்தை முதல்ல படிங்க, அப்புறம் மெக்கானிசம். கனடாவுல மணிக்கட்டை உதறினா திறந்துக்கற கத்தியை கஸ்டம்ஸ்லயே எடுத்துக்கறாங்க, டொராண்டோவுல இருக்கற ஒரு நண்பரோட ஃப்ளிப்பர் (பிளேடுல நீட்டிக்கிட்டிருக்கற நாக்கை விரலால தட்டித் திறக்கறது) அப்படித்தான் போச்சு, ஒரு வருஷம் காத்திருந்து வாங்கினது, கையில கூட தொடல. பிரிட்டன்ல காரணம் எதுவும் இல்லாம வெளியில வெச்சிருக்கணும்னா மூணு இன்ச்சுக்குள்ள இருக்கணும், லாக் ஆகவே கூடாது, அதனால அங்க இருக்கறவங்க லாக் இல்லாம ஸ்பிரிங் மட்டும் பிடிச்சு நிக்கற ஸ்லிப்ஜாயின்ட் கேளுங்க. ஊருக்குப் பிளேன்ல கொண்டுபோறதா இருந்தா செக்-இன் பெட்டியில மட்டும்தான்.

"எப்போ சார் முடியும்"னு வாராவாரம் மெயில் போடறது

போடாதீங்க.

தோல் உறையிலயே போட்டு வெச்சிடறது

கத்தி கூட அழகா ஒரு தோல் உறை வரும், எடுத்துட்டுப் போகத்தான் அது. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், கார்பன் டமாஸ்கஸ் அதுக்குள்ள ஒரு மழைக்காலம் கிடந்தா கறுப்புப் புள்ளி புள்ளியா விழுந்துடும், அதை எடுக்கணும்னா மறுபடி மெருகு போட்டு மறுபடி எட்ச் பண்ணணும். நான் மினரல் ஆயிலை ஒரு பழைய பனியன் துணியில தொட்டு பிளேடுல மெல்லிசா தடவி, பிவட்ல ஒரே ஒரு சொட்டு விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி போட்ட டப்பாவுல வெச்சிருக்கேன். பொட்டலத்தை மட்டும் மழைக்காலம் தொடங்கும்போது மாத்திடுவேன்.