இலை ஈரத்தைக் கணக்கிட்டுப் பூசண நோய்களை முன்கூட்டியே அறிவது எப்படி?

பூசண இலைநோய் வருமா, வராதா என்பதை மழையளவை மட்டும் வைத்துக் கணிப்பவர்கள் பல நேரங்களில் ஏமாந்துபோகிறார்கள். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்து, உடனே வெயிலும் அடித்துவிடும் மழையைவிட, இரவில் இறங்கி முற்பகல் வரை இலையில் தங்கும் பனி அதிக நோயைக் கொண்டுவரக்கூடும். இலை மேல் விழுந்த பூசண வித்து (பூசணம் பரவ உதவும் நுண்துகள்) முளைத்து, மேல்தோலைக் கடந்து உள்ளே நுழையும் வரை, பெரும்பாலான பூசணங்களுக்கு அங்கே நீர்ப்படலம் நீடித்திருக்க வேண்டும். இடையில் இலை காய்ந்தால் முளைத்த வித்துகளில் பல மடிந்துவிடும். ஆகவே மழைமானிக்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

எத்தனை மணி நேர ஈரம் ஆபத்து என்பதை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. ஆப்பிள் சொறிநோய்க்குப் பயிர்நோய் ஆய்வாளர் மில்ஸ் 1944இல் வகுத்த அட்டவணையின் வழியில், 18 முதல் 24 டிகிரி செல்சியஸில் சுமார் 9 மணி நேர ஈரமே தொற்றுக்குப் போதும்; 6 டிகிரிக் குளிரில் அதற்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படும். உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகலுக்குப் பிரிட்டனில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட ஸ்மித் விதி, தொடர்ந்து இரண்டு நாட்கள் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமலும், ஒவ்வொரு நாளும் 11 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் எச்சரிக்கை விடுக்கச் சொல்கிறது. (அந்த நோயின் காரணி வகைப்பாட்டின்படி உண்மையான பூசணம் அன்று, ஆயினும் ஈரத்தை நம்பி வாழ்வதில் அதற்கு எந்தக் குறைவுமில்லை.)

ஈரத்தை அளக்க இலை ஈர உணரிகள் கிடைக்கின்றன. அவை இல்லாதவர்கள், பயிரின் உட்பகுதியிலுள்ள நடு இலைகளைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்து, இரவில் ஈரம் தொடங்கும் நேரத்தையும் காலையில் காயும் நேரத்தையும் குறித்து வந்தால் போதும். திறந்தவெளி வானிலை நிலையத்தின் ஈரப்பத அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; அடர்ந்த பயிருக்குள் காற்று நகராததால் அங்கே ஈரம் நெடுநேரம் நிற்கும். மேகமற்ற, காற்றில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், மழையே இல்லாத வாரத்திலும் பனி படியும். புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதற்குத் தொற்றுக்குப் பின் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், குறிப்பேட்டை எப்போதும் பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவற்றுள் முதலாவது பாசன நேரம். மாலையில் தெளிப்பு நீர் பாய்ச்சினால் அந்த ஈரம் இரவுப் பனியோடு சேர்ந்து பல மணி நேரம் நீளும். பனியால் இலை ஏற்கெனவே நனைந்திருக்கும் விடியற்காலையில் பாய்ச்சினால் ஈர நேரம் அதிகம் கூடுவதில்லை. சொட்டு நீர்ப் பாசனம் இதிலும் மேலானது. பயிர் இடைவெளியை அகலமாக வைப்பதும், வரிசைகளைக் காற்றோட்டத் திசையில் அமைப்பதும், களையை அகற்றுவதும் இலையை விரைவில் உலர்த்தும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் பயிர் அடர்ந்து மென்மையாகும்; நெற்குலை நோய் அத்தகைய வயலில்தான் வேகமெடுக்கிறது. மழைத்துளி தெறித்து மண்ணிலுள்ள வித்துகள் கீழிலைகளை அடைவதை மூடாக்கு (மண்மேல் பரப்பும் வைக்கோல் போன்ற போர்வை) குறைக்கும். இலை நனைந்திருக்கும்போது வயலுக்குள் நடந்தால் நாமே வித்துகளைச் செடிக்குச் செடி சுமந்து செல்வோம்.

மான்கோசெப், தாமிரம் போன்ற காப்புப் பூசணக்கொல்லிகள் தொற்றுக்கு முன் இலையில் படிந்து உலர்ந்திருந்தால்தான் பயன் தரும். ஈர நேரம் கடந்து தொற்று நிகழ்ந்தபின் தெளிப்பது பெரும்பாலும் வீண். ஊடுருவும் மருந்துகள் தொற்றிய சில நாட்களுக்குள் ஓரளவு உதவும். ஆனால் ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பூசணம் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும்.

இந்தக் கணக்கு பொருந்தாத நோயும் ஒன்று உண்டு. இலைமேல் வெண்பொடிபோல் படரும் சாம்பல் நோயின் வித்துகள் நீர்ப்படலமின்றியே முளைக்கும். இலையில் தேங்கும் நீர் அவற்றுக்கு ஊறுகூட விளைவிக்கும். பகல் வறண்டும் இரவு ஈரப்பதம் மிகுந்தும் இருக்கும் நாட்களில் ஈரக் குறிப்பேட்டை ஒதுக்கிவைத்து, நிழலிலுள்ள கீழிலைகளின் இரு பக்கங்களையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.