காரைக்குடி பக்கம் கேம்ப் போஸ்டிங் போற, கண் டாக்டர் மேல்படிப்பு (பிஜி) படிக்கிற பசங்களுக்கு

எம்எஸ் ஆப்தல் சேந்த ஒடனே எல்லாருக்கும் ஒரே கவலைதான், ஆபரேஷன் கேஸ் எப்ப கைக்கு வரும்னு. 3 வருஷம் இருக்கு, அது தன்னால வரும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்னு கேம்ப் போட்டா தண்டம்னு நெனைக்காதீங்க. இங்க நெறைய வீட்ல பிள்ளைங்க சென்னைலயோ சிங்கப்பூர்லயோ இருக்காங்க, அவ்ளோ பெரிய வீட்ல ஆச்சியும் ஐயாவும் மட்டுந்தான், அதனால வயசானவங்க கண்ண பாத்து பழக இத விட நல்ல எடம் கெடையாது.

ஸ்லிட் லாம்ப்ப (கண்ண பெருசாக்கி பாக்குற மிஷின்) தொடுறதுக்கு முன்னாடி பேச்சு குடுங்க. "கண்ணு தெரியுதா ஆச்சி"ன்னா "ஏதோ தெரியுது தம்பி, வயசாச்சுல்ல"ன்னு முடிச்சுருவாங்க. வேலைய வெச்சு கேளுங்க, அரிசில கல்லு பொறுக்க முடியுதா, வளவுல (வீட்டு உள்முற்றத்த சுத்துன பகுதி) இருந்து ரெண்டாம் கட்டுக்கு (அதுக்கு பின்னாடி பகுதி) போறப்ப படி தட்டுதா, மாத்திரை அட்டைய எப்டி அடையாளம் வெச்சுருக்கீங்கன்னு. வெயில்ல கூசுது, முற்றத்துக்கு வந்தாலே ஒண்ணும் தெரியல, உள்ள போனா பரவால்லன்னா கண்ணு லென்ஸோட பின்பக்கத்துல வர்ற புரைய தேடுங்க. படி தட்டுது, பக்கத்துல வர்ற ஆளு மேல இடிக்கிறாங்கன்னா பக்கப்பார்வை போயிருக்கலாம், டிஸ்க்க (கண் நரம்பு தொடங்குற எடம்) நல்லா பாக்கணும். நிலைக்கதவு கோடு வளைஞ்சு தெரியுதுன்னா மேக்குலா (விழித்திரை நடுப்பகுதி) கோளாறா இருக்கலாம், அங்கயே ஆம்ஸ்லர் கட்டத்த (கட்டம் கட்டமா கோடு போட்ட அட்டை) ஒவ்வொரு கண்ணா மூடி காட்டிருங்க. "இப்பல்லாம் கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்கிறேன்"னு ஐயா பெருமையா சொன்னா அது லென்ஸோட நடுப்பகுதி (நியூக்ளியஸ்) இறுகி கிட்டப்பார்வை வந்ததா இருக்கலாம், சந்தோஷத்த கெடுக்காம மெதுவா சொல்லுங்க.

இன்னொண்ணு யாரும் கேக்கறதில்ல. பார்வை ரொம்ப கொறஞ்சவங்க சிலருக்கு இல்லாத ஆளுங்க, பூ, கோலம்லாம் தெரியும், சார்ல்ஸ் போனெட்னு பேரு. ஆளில்லாத வீட்ல ராத்திரி இப்படி தெரிஞ்சா பேயின்னு நெனைப்பாங்க, இல்ல புத்தி பெசகிருச்சுன்னு பயந்து வெளியவே சொல்ல மாட்டாங்க. "சில பேருக்கு இப்படி தெரியும், உங்களுக்கு உண்டா"ன்னு நீங்களா கேளுங்க.

அப்புறம் வரிசை. ஒவ்வொரு கண்ணா விஷன், பின்ஹோல் (சின்ன ஓட்டை வழியா படிக்க வெக்கிறது), டார்ச்ச ரெண்டு கண்ணுக்கும் மாத்தி மாத்தி அடிச்சு பாப்பா (கண்மணி) சுருங்குதான்னு, சேம்பர் (கண்ணோட முன்னறை) ஆழம், ஐஓபி (கண் அழுத்தம்), டக்ட் (கண்ணீர் குழாய்), இதெல்லாம் முடிச்சுட்டுதான் டைலேட்டிங் ட்ராப்ஸ் (பாப்பாவ விரிய வெக்கிற சொட்டு மருந்து). கூட்டம் ஜாஸ்தின்னு கேம்ப்ல வந்த ஒடனே எல்லாருக்கும் வரிசையா ட்ராப்ஸ் ஊத்துற பழக்கம் இருக்கு, எனக்கு சுத்தமா புடிக்காது. பாப்பா விரிஞ்சுருச்சுன்னா ஆர்ஏபிடி (டார்ச்ல ரெண்டு பாப்பாவும் ஒரே மாதிரி சுருங்காதது) தெரியாம போச்சு, புரை எடுத்தும் பார்வை வராத கண்ணு எதுன்னு முன்கூட்டி சொல்ல அதான் துப்பு. சேம்பர் ஆழமில்லாத கண்ணுல ஊத்துனா ஆங்கிள் (கண்ணுக்குள்ள தண்ணி வடியற மூலை) மூடிக்கலாம். பாப்பா ஓரத்துல வெள்ள பொடி மாதிரி ஒட்டியிருக்கற பிஎக்ஸ்எஃப் விரியறதுக்கு முன்னாடிதான் அங்க தெரியும், அது இருந்தா பாப்பா சரியா விரியாது, சோன்யூலும் (லென்ஸ புடிச்சு நிக்கிற நூல்) வீக், சர்ஜன் தெரிஞ்சுக்கணும்.

ஆம்பளைங்ககிட்ட "ஒண்ணுக்கு போக மாத்திரை போடுறீங்களா ஐயா"ன்னு கண்டிப்பா கேளுங்க. அந்த மாத்திரை டாம்சுலோசின்னா ஆபரேஷன்ல ஐரிஸ் (பாப்பாவ சுத்தி நெறமா இருக்கற பகுதி) தொளதொளன்னு அலையலாம், 2005லதான் இத கண்டுபிடிச்சு எழுதுனாங்க. மாத்திரைய நிறுத்துனாலும் சரியாகாது, கேஸ் ஷீட்ல செவப்பு மைல எழுதிருங்க. டிமோலால் (கண் அழுத்தத்த கொறைக்கிற சொட்டு மருந்து) எழுதறதுக்கு முன்னாடி வீசிங் இருக்கான்னு கேட்டு நாடியையும் புடிச்சு பாருங்க.

எப்பவாவது சோடாபுட்டி கண்ணாடி போட்ட ஒருத்தர் வருவாரு, செயற்கை லென்ஸ் வெக்காம பழைய முறைல புரை ஆபரேஷன் பண்ணவரு. 1992ல மதுரைல ஆரோலேப் (அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோட கம்பெனி) லென்ஸ் செய்ய ஆரம்பிச்ச பிறகுதானே இங்க எல்லாருக்கும் கட்டுபடியாச்சு. அவர அவசரமா அனுப்பாதீங்க, அந்த மாதிரி கண்ணு இனிமே அதிகம் பாக்க கெடைக்காது.

ஆபரேஷனுக்கு அப்புறம் சொட்டு மருந்த வாயால சொல்லிட்டு விட்றாதீங்க, அவங்க கையாலயே போட்டு காட்ட சொல்லுங்க. முட்டு வலி, கை நடுக்கம், பாதி கன்னத்துலதான் விழும். வீட்டு வேலைக்கு வர்ற அம்மா யாராவது இருந்தா அவங்களையும் பக்கத்துல நிக்க வெச்சு கத்துக்குடுங்க, சிங்கப்பூர் மகன் வீடியோ கால்ல கேள்வி மட்டுந்தான் கேப்பாரு. ரெண்டு கண்லயும் புரைன்னா ரெண்டாவதுக்கு தேதி குடுத்துட்டே அனுப்புங்க, ஒண்ணு தெளிவா ஒண்ணு மங்கலா இருந்தா படியோட ஆழம் தெரியாம விழுந்து இடுப்ப ஒடச்சுக்குவாங்க.